ஸ்கூல் தொறக்குற மாசம் கம்மல் சேட்டு கடைல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபோன்லதான் டைப் பண்றேன், தறி ஓடுற சத்தத்துல உக்காந்துகிட்டு, நடுநடுவுல தறிக்கு நூல் தார் சுத்திக்கிட்டே எழுதுறதால எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. பொதட்டூர்பேட்டை பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. வீட்டுக்காரர் கூலிக்கு தறி ஓட்டுறாரு, லுங்கி. எனக்கு ரெண்டு பசங்க, பெரியவ இந்த வருஷம் பத்தாவது போறா, சின்னவன் மூணாவது.

இந்த 2025 ஜூன் 2 ஸ்கூல் தொறந்த அன்னைக்கு அடுத்த நாள் உங்க பேப்பர்ல போட்டோ போட்டிருந்தீங்க, டீச்சருங்க வாசல்ல நின்னு புள்ளைங்களுக்கு பூவும் சாக்லேட்டும் குடுத்து வரவேற்கிற மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லல. ஆனா அந்த போட்டோவுக்கு மூணு நாள் முன்னாடி எங்க ஊர் பக்கம் நகை அடகு புடிக்கிற சேட்டு கடைக்கு யாராவது கேமரா எடுத்துட்டு வந்திருந்தா வேற ஒரு போட்டோ கெடைச்சிருக்கும். நான் போனப்போ எனக்கு முன்னாடி நாலு பேரு, நாலு பேரும் பொம்பளைங்க, ஒருத்தி கைல புள்ளையோட புத்தக லிஸ்ட்டே இருந்துச்சு. சேட்டு தலையே நிமிரல, என் கம்மல தராசுல வச்சுகிட்டே "ஸ்கூலா?"ன்னு மட்டும் கேட்டாரு. நானும் "ஆமா"ன்னேன். வருஷா வருஷம் இதே பேச்சுதான். மே கடைசில உள்ள போகும், பொங்கலுக்கு போனஸ் மாதிரி ஏதாவது வந்தா வெளிய வரும். என் காதுல வருஷத்துல நாலு அஞ்சு மாசந்தான் கம்மல் இருக்கும், மிச்ச மாசம் எல்லாம் கவரிங்கு.

இந்த தடவ 12,000 ரூபா வாங்கினேன். தங்கம் விக்கிற வெலைக்கு இன்னும் கூட குடுப்பாங்க, நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேன், வாங்குனா வட்டி யாரு கட்டறது. நூத்துக்கு 2 ரூபா வட்டி, மாசம் 240. ஜூன்ல இருந்து ஜனவரி வரைக்கும் எட்டு மாசம், 1,920 ரூபா. இந்த 1,920-ஐ கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க சார், பின்னாடி வரும்.

12,000 எதுக்கு போச்சுன்னு சொல்லிடறேன், இல்லனா இவ ஏதோ பொடவ வாங்கிட்டானு நெனச்சுக்குவாங்க. பெரியவ அரசு பள்ளி. புத்தகம் அரசாங்கம் தருது, நோட்டு தருது, பஸ் பாஸ் தருது, அத நான் மறைக்கல. யூனிஃபார்மும் நாலு செட்டு தருவாங்க, ஆனா எட்டாவது வரைக்கும்தான். ஒம்பதாவது போன உடனே நாமதான் எடுக்கணும். அதுவும் பொம்பள புள்ளைங்க அந்த வயசுலதான் மளமளன்னு வளருதுங்க, போன வருஷம் தச்ச சுடிதார் இந்த வருஷம் கை ஏறி நிக்குது. ரெண்டு செட்டு துணி 900, தையக்கூலி 700. ஷூ சாக்ஸ் 650. பேக் 550. பத்தாவதுன்றதால அஞ்சு பாடத்துக்கும் கைடு 1,400. பெரிய நோட்டு, ஜாமெண்ட்ரி பாக்ஸு, சில்லறை எல்லாம் சேத்து 500. கணக்குல வீக்கு, அதனால பக்கத்து தெருல டியூஷன், மொத மாசம் 500. ஆக 5,200.

சின்னவன் தனியார் பள்ளி. ஏம்மா அரசு பள்ளி நல்லா இருக்கும்போது எதுக்கு அங்க போட்டனு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரர் ஆசை, இவனாச்சும் இங்கிலீஷ் பேசணும்னு. தனியார் ஸ்கூல்ல ஏழை புள்ளைங்களுக்கு இலவசமா சீட்டு ஒதுக்குற ஆர்டிஇ 25 சதவீதத்துல எல்கேஜிக்கு போட்டோம், குலுக்கல்ல பேரு வந்துச்சு, அன்னைக்கு நாங்க கோயிலுக்கு போய் தேங்கா ஒடச்சோம். ஸ்கூல் பேரு வேணாம், நாளைக்கு அவன்தான் அங்க போய் உக்காரணும். ஃபீஸுன்னு வாங்க மாட்டாங்க, அது கரெக்ட். "புக் கிட்"னு ஒன்னு 3,200. அவங்க சொல்ற கடைலயே யூனிஃபார்ம், டை, பெல்ட்டு 2,100. வேனுக்கு அட்வான்ஸ் 1,500. 6,800. சட்டப்படி இலவச கல்வி. ரசீது கேட்டா ஒரு துண்டு சீட்டுல நம்பர் மட்டும் எழுதி குடுக்கிறாங்க.

இதுல இன்னொரு கூத்து பாருங்க. அரசு ஆரம்பப் பள்ளில காலை டிபன் போடுறாங்க இல்ல, 2022 செப்டம்பர் 15 மதுரைல ஆரம்பிச்சாங்க, 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் வந்துச்சு. அது வந்தப்போ என் பொண்ணு எட்டாவது போயிட்டா, அஞ்சாவது வரைக்கும்தான் திட்டம். பையன் தனியார்ல, அவனுக்கும் கெடையாது. ஒரே வீட்டுல ரெண்டு புள்ள இருந்தும் அந்த பொங்கல் உப்புமா எங்க வீட்டு புள்ளைங்க வாய்க்கு போகல. இத நான் சிரிச்சுகிட்டேதான் எழுதறேன், அந்த திட்டம் ரொம்ப நல்ல திட்டம், காலைல அஞ்சு மணிக்கு தறிக்கு போற வீடுங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவினு எனக்கு தெரியும், எங்க எதுத்த வீட்டு புள்ள லீவு நாள்ல கூட ஸ்கூல் எப்போனு கேக்குது.

இப்போ நான் எதுக்கு இந்த லெட்டர் எழுத உக்காந்தேன்னு சொல்றேன். எல்லாம் என் தங்கச்சியால வந்தது.

தங்கச்சிய நகரிங்கற ஊர்ல கட்டிக் குடுத்திருக்கோம். ஆந்திரா, சித்தூர் ஜில்லா. பேருக்குத்தான் வேற ஸ்டேட்டு, காலைல பஸ் ஏறினா பாத்துட்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்துடலாம், அங்கயும் தறிதான், பாதி பேரு தமிழ்தான் பேசுறாங்க. இந்த மாசம் 12-ம் தேதிக்கு மேல ஒரு நாள் வாய்ஸ் மெசேஜ் போட்டா, "அக்கா, துட்டு ஏறிச்சு, ரெண்டு பேருக்கும் ஏறிச்சு"ன்னு. "தல்லிகி வந்தனம்"னு அங்க திட்டம், அம்மாவுக்கு வணக்கம்னு அர்த்தம். ஒன்னாவதுல இருந்து இண்டர் வரைக்கும், நம்மூர் பிளஸ் டூ மாதிரி, படிக்கிற ஒவ்வொரு புள்ளைக்கும் வருஷம் 15,000. அதுல 2,000 ஸ்கூல் பராமரிப்புக்குனு புடிச்சுகிட்டு 13,000 நேரா அம்மா அக்கவுண்டுக்கு. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க, 26,000. நான் மெசேஜ கேட்டுட்டு ஃபோன கீழ வச்சேன், கை தானா காதுக்கு போச்சு.

பொறாமைதான் சார், இல்லன்னு சொன்னா பொய். ஒரே வயித்துல பொறந்தவளுங்க நாங்க, ஒரே தொழில்ல வாக்கப்பட்டவளுங்க, நடுவுல ஒரு பார்டர். இந்த பக்கம் நான் சேட்டு கடைல நிக்கிறேன், அந்த பக்கம் அவளுக்கு மெசேஜ் வருது.

ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம அவ வீட்டுக்கு போனேன், நேர்ல பேசினப்போதான் முழு கதையும் தெரிஞ்சுது. இந்த பணம் புதுசு இல்ல. 2020 ஜனவரி 9 சித்தூர்லதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க, அப்போ "அம்மா ஒடி"னு பேரு, ஜெகன் ஆட்சி. அப்போ எத்தன புள்ள இருந்தாலும் ஒரு அம்மாவுக்கு ஒரு 15,000தான். அதுலயும் கக்கூஸ் பராமரிப்புனு 1,000 புடிச்சு 14,000 ஆச்சு, அப்புறம் 2,000 புடிச்சு 13,000 ஆச்சு. 2024-ல ஆட்சி மாறுச்சு. சந்திரபாபு நாயுடு எல்லா புள்ளைக்கும் தரேன்னு சொல்லித்தான் ஓட்டு கேட்டாரு. ஆனா அந்த வருஷம் ஜூன்ல ஒருத்தருக்கும் வரல. தங்கச்சி அந்த பணம் வரும்னு நம்பி முன்கூட்டியே ஃபீஸுக்கு கைமாத்து வாங்கிட்டா, பணம் வராம, வாங்குன எடத்துல தல காட்ட முடியாம, வேற வட்டிக்கு வாங்கி இத அடைச்சிருக்கா. அத என்கிட்ட இதுநாள் வரைக்கும் சொல்லவே இல்ல. இந்த ஜூன்ல வந்த 26,000-ல பாதி அந்த பழைய வட்டிக்கே போச்சு.

மிச்சம்? அவ பசங்க படிக்கிறதும் தனியார்தான், அங்க தனியாருக்கும் உண்டு. பணம் ஏறுன மறுநாள் காலைலயே ஸ்கூல்ல இருந்து ஃபோனு. "வந்துச்சாம்மா?"ன்னு. எப்போ ஏறும், எவ்ளோ ஏறும்னு அவளுக்கு முன்னாடி அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. "என் அக்கவுண்டு பஸ் ஸ்டாண்டு மாதிரிக்கா, வரும், நிக்கும், போயிடும்"னா. பேரு என்னமோ அம்மாவுக்கு வணக்கம். வணக்கம் இவளுக்கு, துட்டு ஸ்கூலுக்கு. அதுவும் இல்லாம கரண்டு 300 யூனிட் தாண்டுனா கெடையாது, வருகை 75 சதவீதம் இருக்கணும், இன்கம் டாக்ஸ் கட்டுறவங்களுக்கு கெடையாதுனு ஆயிரம் ரூல்ஸு. பொறப்படும்போது அவதான் சொன்னா, "உங்க ஊர்ல காலைல சாப்பாடு போடுறாங்கல்ல, அது எந்த ஸ்கூல்காரனும் வாங்கிக்க முடியாது பாரு"னு. அது என்னமோ மனசுல நின்னுடுச்சு.

அதனால ஆந்திராவ அப்படியே காப்பி அடிங்கன்னு எழுத வரல. 13,000 எங்களுக்கும் வேணும்னு கேக்கல. நான் கேக்கறது தேதி.

நம்ம ஊர்லயும் புள்ளைங்களுக்கு காசா தர்ற திட்டம் இல்லாம இல்ல. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கிராமத்து பொம்பள புள்ளைங்களுக்கு ஊக்கத்தொகைனு ஒன்னு இருக்கு, மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் வருஷம் 500, ஆறாவதுக்கு 1,000. மாசம் 50 ரூபா, பத்து மாசத்துக்கு 500, கணக்கு அதுதான். என் பொண்ணு நாலாவது படிக்கும்போது டீச்சர் கூப்ட்டு சொன்னாங்க, பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார், ஜாதி சர்டிபிகேட், வருமான சர்டிபிகேட் எல்லாம் வேணும்னு. புள்ள பேர்ல அக்கவுண்டு இல்ல. தொறக்க பேங்குக்கு போனா இன்னைக்கு சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க. நாளைக்கு போனா ஆதார்ல இன்ஷியல் தப்பா இருக்கு, திருத்திட்டு வாங்க. வருமான சர்டிபிகேட்டுக்கு இ-சேவை மையத்துல ஒரு நாள். மொத்தம் மூணு நாள் எனக்கு கூலி போச்சு. பணம் எப்போ வந்துச்சு தெரியுமா, அவ முழு பரிட்சைக்கு படிச்சுகிட்டு இருந்தப்போ. 500 ரூபா. அவ அப்பா சிரிச்சாரு, "இத வச்சு பரிட்சைக்கு ஒரு பேனா வாங்கி குடு"ன்னாரு. 500 வாங்க நான் விட்ட கூலி அதவிட ஜாஸ்தி. இப்போ அந்த 1,920-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. நான் சேட்டுக்கு கட்டுற ஒரு வருஷத்து வட்டி, அரசாங்கம் ஒரு புள்ளைக்கு நாலு வருஷத்துல குடுக்கிற ஊக்கத்தொகைய முக்காவாசி முழுங்கிடுது.

இன்னொன்னு பத்தாவதுல இருந்து. இடைநிற்றல் ஆகக்கூடாதுனு 2011-12-ல கொண்டு வந்தது. பத்தாவதுக்கு 1,500, பதினொன்னுக்கு 1,500, பன்னெண்டுக்கு 2,000, மொத்தம் 5,000. கைல தர மாட்டாங்க, புள்ள பேர்ல டெபாசிட் போட்டு பன்னெண்டு முடிச்ச அப்புறம்தான் வட்டியோட வரும். யோசன என்னன்னா, காசு இருக்குனு புள்ள நடுவுல நிக்காம படிக்கும்னு. யோசிச்சவங்க நல்லவங்கதான். ஆனா எங்க தெருல பத்தாவதோட நின்ன பையன் ரெண்டு பேரு, அவனுங்க மூணு வருஷம் கழிச்சு வர்ற 5,000-ஐ வேணாம்னு நெனச்சு நிக்கல. ஜூன் மாசம் ஷூ வாங்க 600 இல்லாம, மொத வாரம் போகாம, ரெண்டாவது வாரம் வெக்கப்பட்டு போகாம, மூணாவது வாரம் தறில உக்காந்துட்டானுங்க. ஒருத்தன் இப்போ பாவு ஓட்டுறான், கெட்டிக்கார பையன், கணக்குல என் பொண்ணுக்கு அவன்தான் சொல்லி குடுப்பான் முன்னாடி. தறில உக்காந்து வாரக்கூலி பாத்த பையன திரும்ப பெஞ்சுல உக்கார வைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு தறிக்காரங்க வீட்டுல கேட்டா தெரியும். அந்த வீடுங்க தப்பு பண்ணுதுனும் சொல்ல முடியல, ஒரு தறி சும்மா நின்னா அந்த வாரம் அரிசிக்கு இல்ல.

காலேஜ் போனா தர்றாங்க, அது உண்மை. புதுமைப்பெண் 2022 செப்டம்பர்ல இருந்து பொம்பள புள்ளைங்களுக்கு மாசம் 1,000, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல இருந்து பசங்களுக்கு மாசம் 1,000. அரசு பள்ளில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சிருந்தா. என் நாத்தனார் பொண்ணு வாங்குறா, மாசா மாசம் கரெக்ட்டா வருது, பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அதுதான். நல்லா நடக்குற திட்டம். ஆனா அந்த வாசல் வரைக்கும் புள்ளைய கொண்டு போய் விடணுமே, ஒம்பதாவது பத்தாவதுல யூனிஃபார்மும் நிறுத்திட்டு, காசும் மூணு வருஷம் பூட்டி வச்சுட்டு, நடுவுல ஒரு பெரிய பள்ளம்.

"எல்லாத்தையும் இலவசமா கேக்குறாங்க"னு உடனே ஒரு கூட்டம் கெளம்பும், தெரியும். உங்க பேப்பர்லயே அப்படி லெட்டர் வந்து நான் படிச்சிருக்கேன். அவங்களுக்கு ஒன்னு சொல்றேன். மத்திய அரசு வேலைல இருக்கவங்களுக்கு புள்ளைங்க படிப்பு அலவன்ஸ்னு ஒரு புள்ளைக்கு மாசம் 2,812 ரூபா 50 காசு, 2024 ஜனவரில இருந்து. வருஷத்துக்கு 33,750. ரெண்டு புள்ளைக்கு உண்டு. சம்பளம் வாங்குறவங்க கட்டுற ஸ்கூல் ஃபீஸுக்கு இன்கம் டாக்ஸ்ல கழிவும் இருக்கு, பழைய முறைல கட்டுனா. வாங்கட்டும், அவங்க புள்ளையும் புள்ளதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா அத ஒருத்தரும் இலவசம்னு சொல்றது இல்லயே. அவங்களுக்கு வந்தா அலவன்ஸு, எங்களுக்கு வந்தா இலவசம், அந்த வார்த்தைய மட்டும் கொஞ்சம் மாத்தி சொல்லுங்கனுதான் கேக்குறேன். எங்க வீட்டுல வாங்குற சோப்புல இருந்து நூல் வரைக்கும் ஜிஎஸ்டி கட்டுறோம்.

"காசா குடுத்தா புருஷன் டாஸ்மாக்ல குடுத்துடுவான்"னு இன்னொரு பேச்சு. இதுக்கு பதில் ஏற்கெனவே இருக்கு சார். கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சாங்க, மாசம் 1,000, எனக்கும் வருது. ஆரம்பத்துல சில பேங்க்ல மினிமம் பேலன்ஸ் இல்லன்னு அந்த ஆயிரத்துலயே கை வச்சாங்க, அமைச்சரே அறிக்கை விடுற அளவுக்கு போச்சு, அப்புறம் சரியாச்சு. இப்போ 15-ம் தேதினா 15-ம் தேதி, சில மாசம் ஒரு நாள் முன்னாடியே ஏறிடும். அந்த ஆயிரத்த எங்க வீட்டுக்காரர் ஒரு நாளும் கேட்டது இல்ல, "அது உன் துட்டு"ன்னுதான் சொல்லுவாரு, கேஸ் சிலிண்டருக்கு பத்தலனா நானே குடுக்கிறது வேற கத.

என் யோசன இதுதான். மே மாசம் 15-ம் தேதி அந்த ஆயிரத்தோட சேத்து, ஸ்கூல்ல படிக்கிற புள்ள ஒன்னுக்கு இவ்ளோனு ஒரு தொகை போடுங்க. வருஷத்துல ஒரே தடவ. புதுசா அப்ளிகேஷன் வேணாம், கேம்ப் வேணாம், ஜெராக்ஸ் வேணாம். எந்த புள்ள எந்த ஸ்கூல்ல எந்த வகுப்புனு எமிஸ் நம்பர்ல எல்லாமே கம்ப்யூட்டர்ல இருக்கு, புள்ளைக்கு ஆதார் நம்பர், அப்பா அம்மா பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க, டீச்சருங்க பாவம் பாடம் நடத்துறத விட்டுட்டு அதத்தான் ஏத்திகிட்டே இருக்காங்க. அந்த லிஸ்ட்டையும் உரிமைத்தொகை லிஸ்ட்டையும் சேத்து பாத்தா ஆச்சு. எட்டாவது வரைக்கும் அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளி புள்ளைக்கு ஒரு 1,500 இருந்தா போதும், ஷூ, பேக் மத்ததெல்லாம் ஓரளவு வந்துடுது. ஒம்பதாவதுல இருந்து 3,000. இல்லனா யூனிஃபார்மயாச்சும் பத்தாவது வரைக்கும் தாங்க, நாங்களே தச்சுக்குறோம், துணி குடுங்க போதும், தறிக்காரங்க ஊர்ல துணி இல்லாம புள்ள ஸ்கூல் போகலன்னா யாராவது கேட்டா சிரிக்க மாட்டாங்களா.

ஏன் மே 15னு சொல்றேன்னா, ஜூன் 15-க்கு வந்தா பிரயோஜனம் இல்ல. ஜூன் 15-க்குள்ள நான் சேட்டு கடைக்கு போயிட்டு வந்துடுவேன். கம்மல் ஒரு தடவ உள்ள போயிடுச்சுனா 3,000 வச்சு அத மீட்க முடியாது, அந்த 3,000 வட்டிக்கும் வீட்டு செலவுக்கும் கரஞ்சு போயிடும். அதே 3,000 மே மாசம் வந்தா, நான் 12,000-க்கு பதிலா 9,000 வாங்குவேன், இல்ல கம்மலயே எடுத்துட்டு போகாம வாரக்கூலில அட்வான்ஸ் வாங்கி சமாளிச்சுடுவேன். ஒரே தொகைதான், ஒரு மாசம்தான் வித்தியாசம். ஆஃபீஸ்ல ஃபைல் நகர்த்துறவங்களுக்கு ஒரு மாசம் ஒரு மாசந்தான், எங்களுக்கு எட்டு மாச வட்டி.

இதுல ரெண்டு பேரு விட்டுப்போக கூடாது. எங்க பின்னாடி தெருல ஒரு பாட்டி, பொண்ணு செத்துப்போச்சு, மருமகன் வேற கல்யாணம் பண்ணிட்டு போயிட்டான், பேரன இந்த அம்மாதான் வளக்குது. அந்த பையனுக்கு "அம்மா அக்கவுண்டு" எங்க இருந்து வரும். உரிமைத்தொகை கெடைக்காத அம்மாங்களும் நெறைய பேரு இருக்காங்க, நெலம், கரண்டு யூனிட்டு, காருனு ஏதோ ஒரு காரணத்துல பேரு நின்னு போனவங்க, கார்னு எழுதினதுல பாதி வாடகைக்கு ஓட்டுற பழைய வண்டியா இருக்கும். அவங்க புள்ளையும் அதே வகுப்புலதான் உக்காருது. யாரு வளக்குறாங்களோ அவங்க அக்கவுண்டுக்கு போகணும், அத ஹெட்மாஸ்டர் ஒரு கையெழுத்துல முடிச்சுடலாம், அவருக்கு தெரியாததா.

தனியார்ல படிக்கிற என் பையனுக்கு நான் காசு கேக்கல, அத தெளிவா சொல்லிடறேன். தங்கச்சி அக்கவுண்டுல என்ன நடந்துச்சுனு பாத்த அப்புறம் அந்த ஆசையே போச்சு, இன்னைக்கு 2,000 தந்தா நாளைக்கு புக் கிட் 5,200 ஆயிடும். அவனுக்கு நான் கேக்குறது வேற. ஆர்டிஇ புள்ளைங்க கிட்ட கிட்டுனு கட்டுனு வாங்குறத யாராவது ஒரு தடவ வந்து பாருங்க, ரசீது குடுக்க சொல்லுங்க. அதுக்கும் மேல ஒன்னு, இந்த 2025-ல ஜூன் வந்தும் ஆர்டிஇ அட்மிஷனே தொறக்கல. மத்திய அரசு, ஸ்கூலுங்களுக்கு தர்ற, ஆர்டிஇ பணமும் சேந்து வர்ற சமக்ர சிக்‌ஷா பணம் தரல, புதிய கல்விக் கொள்கைல கையெழுத்து போட்டாதான் தருவோம்னு சொல்றாங்க, 2,152 கோடி நிக்குதுனு நீங்களே எழுதுனீங்க. ஐகோர்ட்டும் இந்த மாசம் 10-ம் தேதி ஆர்டிஇ பணத்த அதோட முடிச்சு போடாதீங்கனு சொல்லிடுச்சு. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவுல சண்ட, யாரு பக்கம் நியாயம்னு எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு, மொழி விஷயத்துல நான் நம்ம பக்கம்தான், ஆனா என் பக்கத்து வீட்டு நாலு வயசு புள்ள எந்த கொள்கைலயும் கையெழுத்து போடல. அவங்க அம்மா மார்ச் மாசத்துல இருந்து இ-சேவை மையத்துக்கு போய் "தொறந்துச்சா, தொறந்துச்சா"னு கேட்டுட்டு வர்றா. அந்த மையத்துல இருக்குற பையனுக்கு இவ மூஞ்சியே பழகிப் போச்சு, "இன்னும் இல்லக்கா"ன்னு அவள பாத்த உடனே வாசல்ல இருந்தே சொல்லிடறான்.

இவ்ளோ நீளமா யாரு போடுவாங்கனு வீட்டுக்காரர் கேக்குறாரு, வெட்டுனா வெட்டிக்கோங்க, ஆனா மே 15 தேதி மட்டும் வெட்டாதீங்க. சேட்டு கடை ரசீது என்கிட்ட இருக்கு, இந்த வருஷத்தது, போன வருஷத்தது, அதுக்கு முந்துன வருஷத்தது எல்லாம் டப்பால போட்டு வச்சிருக்கேன், மூணுமே மே கடைசி வாரத்து தேதிதான். வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன், பேரயும் நம்பரயும் மறைச்சுட்டு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர் மனைவி,
பொதட்டூர்பேட்டை அருகில், திருவள்ளூர் மாவட்டம்.
ஜூன் 2025